உங்களுக்குத் தெரியுமா? துருப்பிடித்தால் இரும்பின் எடை கூடும்!

112 கிராம் இரும்பு முழுதாகத் துருவானால், காற்றிலிருந்து 48 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 160 கிராம் ஆகிவிடும். அதோடு ஒட்டிக்கொள்ளும் நீரின் எடை தனிக்கணக்கு.

• மைசூர் அக்ரஹாரம் போன்ற பழைய தெருக்களில் வீட்டு ஜன்னல் கம்பியை உற்றுப் பாருங்கள். நடுப்பகுதி வழவழப்பாக இருக்கும். மரச்சட்டத்துக்குள் இறங்கும் அடிப்பகுதிதான் செதில் செதிலாக உரியும். சாரல் நீர் தங்குமிடம் அது. துருவுக்குக் காற்றும் வேண்டும், நீரும் வேண்டும். துரு, இரும்பைப் போல இரு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடித்த கான்கிரீட் தூண்கள் உள்ளிருந்து வெடிப்பதும் இதனால்தான்.

• சுரண்டினால் துரு போகும், போன இரும்பு வராது. துருப்பிடித்தல் ஒரு வேதி மாற்றம். துருவும் இரும்புத்தாதுவும் ஒரே குடும்பம்: இரும்பு ஆக்சைடு. அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க உலை வேண்டும். மைசூர் சமஸ்தானத்தின் பத்ராவதி ஆலை 1923-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, அந்த வேலையைச் செய்தது மரக்கரி! சர் எம். விஸ்வேஸ்வரய்யா முன்னின்று வளர்த்த ஆலை அது.

• டெல்லி இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக அதிகம் துருப்பிடிக்காமல் வெட்டவெளியில் நிற்கிறது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே உருவான மெல்லிய படலமே தூணுக்குக் காப்பு என்று விளக்கியவர், கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம்.