பொதுவானதைத் தள்ளும் திறன்: அளப்பது எப்படி?

உம்மாவுக்கு ஈ.சீ.ஜி. எடுத்தபோது தாளில் விழுந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதயத்திலிருந்து தோலுக்கு வந்து சேரும் வோல்ற்றளவு ஏறத்தாழ 1 மில்லிவோல்ற்தான். அறையைச் சுற்றிலும் 230 வோல்ற், 50 ஹேட்ஸ் மின்கம்பிகள். அவற்றின் இரைச்சல் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே அளவாக ஏறி நிற்கும். இந்தப் பொதுவானதைத் தள்ளி, வேறுபாட்டை மட்டும் பெருக்கினால்தான் வைத்தியர் வாசிக்கக்கூடிய கோடு கிடைக்கும்.

அந்த வேலைக்கு அடிப்படை, உயர்தர மாணவர் படிக்கும் செயற்பாட்டு விரியலாக்கி. வேறுபாட்டைப் பெருக்கும் நயத்தைப் பொதுவானதைப் பெருக்கும் நயத்தால் வகுத்தால் வருவது அதன் பொதுமுறை நிராகரிப்பு விகிதம். இதைத் தெசிபெல்லில் சொல்வார்கள். 20 தெசிபெல் கூடினால் விகிதம் பத்து மடங்காகும். 1968இல் வெளிவந்த 741 சில்லுக்குத் தரவுத்தாள் தரும் வழமையான பெறுமானம் 90 தெசிபெல், அதாவது ஏறத்தாழ 31,600.

மகன் இதை வீட்டில் அளந்தான். நான்கு 10 கிலோ ஓம் தடையிகளால் வேறுபாட்டு விரியலாக்கி ஒன்றைக் கட்டி, இரு பெய்ப்புகளையும் ஒன்றாக இணைத்து 10 வோல்ற் கொடுத்தான். பயப்பில் 90 மில்லிவோல்ற் வந்தது. கணக்குப்படி 41 தெசிபெல்தான்.

"வாப்பா, கடைக்காரன் பழுதான ஐசிய தந்திட்டான். போய்க் கேட்கப் போறன்."

நான் தமிழ் படிப்பிக்கிறவன். அவனை மறித்து, எங்கள் பாடசாலைப் பௌதிகவியல் சேரிடம் கூட்டிப் போனேன். அவர் முதலில் கேட்டது தடையிகளைப் பற்றி. 1 வீதப் பொறுதியுள்ளவை என்றான் மகன்.

"அப்ப நீர் அளந்தது தடையியை, சில்லை இல்ல" என்றார். நான்கு தடையிகளும் 1 வீதம் எதிரெதிராக விலகினால், குறையே இல்லாத சில்லு போட்டாலும் 34 தெசிபெல்லுக்கு மேல் வராதாம்.

வழி என்ன? பெய்ப்புகளை அசைக்காமல் மின்வழங்கலை அசைப்பது. நேர்மாறாக்காப் பெய்ப்பை 100 ஓம் ஊடாகப் புவியோடு இணைக்க வேண்டும். மற்றப் பெய்ப்பிலிருந்து புவிக்கு 100 ஓம், பயப்புக்கு 100 கிலோ ஓம். இப்போது சில்லின் பெய்ப்பில் உள்ள சிறு வழு பயப்பில் 1001 மடங்காகத் தெரியும். முதலில் வழங்கல் +20, −10 வோல்ற். பிறகு +10, −20. மொத்தம் 30 வோல்ற் மாறவில்லை, நடுப்புள்ளி மட்டும் 10 வோல்ற் நகர்ந்தது. சில்லுக்கு அது பெய்ப்புகள் இரண்டும் சேர்ந்து நகர்ந்ததற்குச் சமம். தடையிப் பொருத்தம் இங்கே குறுக்கே வராது.

பயப்பு 0.25 வோல்ற் மாறியது. 1001ஆல் வகுத்தால் கால் மில்லிவோல்ற். 10 வோல்ற்றை அதால் வகுத்தால் ஏறத்தாழ 40,000. அதாவது 92 தெசிபெல். நடுப்புள்ளியோடு சேர்ந்து பயப்பு நகராததால் இதில் சிறு பிழை உண்டு. ஆய்வுகூடங்களில் இரண்டாவது விரியலாக்கி வைத்து அதையும் நீக்குவார்கள். மீடிறன் கூடக்கூட இந்த விகிதம் குறையும் என்பதையும் மறக்கக்கூடாது.

சில்லு நல்ல சில்லுத்தான். மகன் அன்று பின்னேரமே கடைக்குப் போனான், 0.1 வீதத் தடையி இருக்கிறதா என்று கேட்க.