ஒருசந்தியும் உடலின் சிக்கனமும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள நம் பங்கில், தவக்காலம் தொடங்குமுன் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். வயது அறுபத்து மூன்று. விழுப்புரத்தில் இரத்தம் சோதித்த சீட்டு கையில் இருந்தது.

“ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சு, சிறுநீரகம் பழுதுன்னு டாக்டர் சொல்றார் சாமி. நாற்பது நாளும் பச்சைத் தண்ணியோட ஒருசந்தி இருந்தா உப்பும் இறங்கும், புண்ணியமும் ஆகும் இல்லீங்களா?”

நாம் குருமடத்தில் பயின்றது இறையியல், மருத்துவமன்று. ஆயினும் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியைத் தட்டிக்கழிக்க மனம் ஒப்பவில்லை. மறுநாள் வரச் சொல்லிவிட்டு நூல்களைப் புரட்டினோம்.

நாம் உண்ணும் பருப்பு, மீன், முட்டையிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் 16 பங்கு நைட்ரஜன். புரதம் உடைபடுகையில் அது அம்மோனியா என்னும் நச்சாகிறது. கல்லீரல் அதனைத் தீங்கு குறைந்த யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. நம் நெல்வயலில் இடும் யூரியா உரமும் இதே பொருளே.

அப்படியாயின் உண்ணாவிடில் யூரியா நின்றுவிடுமன்றோ? நிற்பதில்லை. கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துபோகும். மூளையோ குளுக்கோஸ் கேட்டுக்கொண்டேயிருக்கும். அதனை ஆக்க, உடல் தன் தசைப் புரதத்தையே உடைக்கிறது. 1912ஆம் ஆண்டில், சின்னப்பர் கப்பற்சேதத்தில் கரையேறிய அதே மால்டா தீவினரான லெவான்சின் என்பார், அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வுக்கூடத்தில் 31 நாள் நீர் மட்டும் அருந்தியிருந்தார். அவர் சிறுநீரில் கழிந்த நைட்ரஜன் முதல் நாள் 7 கிராம் அளவில் இருந்தது. நான்காம் நாளில் 12 கிராமை நெருங்கிற்று! அதன்பின்னரே மெல்ல இறங்கியது.

இதன் காரணத்தை 1960களில் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கேஹில் குழுவினர் விளக்கினர். வாரங்கள் செல்ல, கொழுப்பிலிருந்து பிறக்கும் கீட்டோன்களை மூளை ஏற்கப் பழகுகிறது. நாளொன்றுக்கு 75 கிராம் அளவில் உடைபட்ட புரதம் 20 கிராம் அளவுக்குச் சுருங்குகிறது. யூரியாவும் வெகுவாகக் குறைகிறது. படைத்தவர் உடலில் வைத்த சிக்கனம் இது.

ஆனால் முதியவரின் கணக்குத் தவறுவதும் இங்கேதான். கீட்டோன்கள் அமிலத் தன்மையுடையன. அவ்வமிலத்தை வெளியேற்றச் சிறுநீரகமே அம்மோனியாவை ஆக்கவேண்டும். யூரியா குறையக் குறைய, சிறுநீரில் அம்மோனியா மிகுகிறது. சிறுநீரகத்துக்கு இது ஓய்வன்று, புது வேலை! பழுதுற்ற சிறுநீரகம் அதற்கு ஈடுகொடாது. அமிலம் இரத்தத்திலேயே தேங்கும். பங்குனி வெயிலில் நீரும் குறைந்தால், இரத்தத்தில் யூரியா ஏறவே செய்யும்.

இச்சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரி 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், எழுபது நாட்களுக்கு மேல் தாங்கினார். அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். சிக்கனம் சாவைத் தள்ளிப்போடுமேயன்றித் தவிர்க்காது.

திருச்சபை நம்மிடம் கேட்பது இதுவன்று. ஒருசந்திக் கடமை 18 முதல் 59 வயது வரையுள்ளோர்க்கே. அதுவும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களில். ஒரு முழு உணவுக்கு இடமுண்டு, நீருக்குத் தடையில்லை. நோயாளிக்குக் கடமையே இல்லை.

இவற்றையெல்லாம் மறுநாள் எடுத்துரைத்தோம். முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ சாமிக்கு நான் எதைத்தான் கொடுக்கிறது?” என்றார்.

“டாக்டர் சொன்ன பத்தியத்தைத் தவறாமல் இருங்கள் ஐயா. ருசியில்லாத அந்தச் சோறே உங்கள் தவம்” என்றோம்.

அவர் பத்தியம் காத்தார். வெற்றிலை பாக்கையும் தாமாகவே விட்டார். பெரிய வெள்ளியன்று, அந்தக் காசு முழுவதும் ஒரு சிறு துணி முடிப்பில் நம் கைக்கு வந்தது. ஏழைகளுக்கென்று எழுதிவைத்தோம்.