சொறியும் நாய்க்குப் பயிர் மருந்து ஆகாது

தோட்டத்துக் காவல் நாய் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தால், தெளித்தது போக மிச்சமிருக்கும் பூச்சிமருந்தை ஒரு மூடி தண்ணீரில் கலந்து ஊற்றிவிடுகிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பருத்திக்கு அடிக்கும் புரபனோபாஸ் உண்ணியையும் கொல்லும், உண்மைதான். ஆனால் நாய் தன் உடம்பை நக்கும். சொறிந்து புண்ணான தோல் வழியாகவும் மருந்து உள்ளே இறங்கும். எச்சில் வடிதல், வாந்தி, கண்மணி சுருங்குதல், நடுக்கம், மூச்சுத்திணறல் என்று தொடங்கி, சில மணி நேரத்தில் உயிரே போகலாம். பயிருக்கென்று விற்கும் எந்த மருந்தும் நாயின் தோலுக்கு உரியதல்ல. டிராக்டரில் வடித்த கழிவு ஆயிலும் அப்படித்தான்.

முதலில் நாய் எங்கே சொறிகிறது என்று பாருங்கள். வால் தொடங்கும் இடத்திலும் பின்தொடையிலும் முடி கொட்டியிருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். சில நாய்களுக்கு இதன் எச்சிலே ஒவ்வாமை. ஒன்றிரண்டு கடித்தால் போதும், நாள்கணக்கில் அரிக்கும். அதனால் "தேடிப் பார்த்தேன், பூச்சியே இல்லை" என்று விட்டுவிடக் கூடாது. முடியைச் சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செந்நிறமாகக் கசிந்தால் அது மண் அல்ல, ரத்தம் குடித்த தெள்ளுப்பூச்சியின் எச்சம்.

காது ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டியிருந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். நாயைத் தொட்டுப் புழங்கும் வீட்டாருக்கும் அரிப்பு வரும். குட்டிக்குக் கண்ணைச் சுற்றி மட்டும் முடி உதிர்ந்தால் அது வேறு வகை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினைக் கண் அளவில் நாய்க்குப் போடுவது ஆபத்து. கோலி போன்ற சில இனங்கள் குறைந்த அளவைக்கூடத் தாங்காது.

பூச்சி எதுவும் இல்லாமல் ஆண்டு முழுதும் அரித்தால் தீனியைக் கவனிக்க வேண்டும். கோழி, மாட்டிறைச்சி, பால் ஆகியவை சில நாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மருத்துவர் சொல்லும் மாற்றுத் தீனியை எட்டு வாரமாவது கொடுத்துப் பார்த்தால்தான் விடை தெரியும்.

நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்து நிறுத்துவதுதான் பலரும் தோற்கும் இடம். தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் உதிர்ந்துவிடும். புழுவும் கூட்டுப்புழுவும் நாய் படுக்கும் சாக்கிலும் தொழுவத்து மண்ணிலும் வளரும். பயிரைத் தின்ற புழு மண்ணுக்குள் கூடு கட்டுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உண்ணியோ சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். தரையைத் தினமும் கூட்டிக் குப்பையை எரியுங்கள். விரிசல்களைப் பூசி அடையுங்கள். ஆட்டுப்பட்டிக்குள் நாயைப் படுக்க விட வேண்டாம். தெள்ளுப்பூச்சி மிகுந்தால் ஆட்டுக்குட்டிகளும் ரத்தசோகையில் விழும்.

நாய்க்கான மாத்திரைகளும் சொட்டு மருந்துகளும் எடை பார்த்துத் தருபவை. ஒரே மாத்திரையில் பல வாரங்கள் காப்பவையும் உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பயிர் மருந்தை ஏற்கெனவே ஊற்றியிருந்தால், கையுறை அணிந்து சோப்பும் நிறையத் தண்ணீரும் கொண்டு உடனே கழுவுங்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். நக்கவிடாமல் பிடித்து, மருந்துப் புட்டியோடு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அட்ரோபின் ஊசி தேவையா என்பதை மருத்துவர் அந்த லேபிளையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்.