ஒரு யூனிட்டின் விலையை யார் பார்ப்பது?

1957-ல் தமிழ்நாடு மின்சார வாரியம் தொடங்கியபோது, கரன்டை விலைக்கு வாங்கும் வேலை அதற்கு அதிகம் இல்லை. பைக்காரா, மேட்டூர், குந்தா நீர்மின் நிலையங்களும் பின்னாளில் எண்ணூர், தூத்துக்குடி அனல் நிலையங்களும் வாரியத்துடையவை. நெய்வேலியில் வாங்கியதுகூட அரசு நிறுவனங்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல்தான்.

1991-க்குப் பிறகு மின் உற்பத்தி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. நிலையம் தன் திறனில் 68.5 சதவீத அளவுக்கு ஓடினாலே போட்ட பங்கு மூலதனத்துக்கு 16 சதவீத ஆதாயம் என்று 1992-ல் மத்திய அரசு உறுதி தந்தது. பேசின் பாலம், சமயநல்லூர், சாமல்பட்டி, பிள்ளைபெருமாள்நல்லூர் என்று தமிழ்நாட்டிலும் தனியார் நிலையங்கள் எழுந்தன. எரிபொருள் விலை ஏறினால் அந்தச் சுமை வாரியத்தின் தலையில். கரன்ட் எடுக்காமல் நிலையத்தை நிறுத்தி வைக்கச் சொன்னாலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் வீடுகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும்தான் போகவேண்டும். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் அங்கிருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்பதற்கு அன்று ஓர் இடம்கூட இல்லை.

இப்படி யாரையும் கேட்காமல் ஒப்பந்தம் போடுவதன் விலையை மகாராஷ்டிரம் நமக்கு முன்பே கொடுத்தது. என்ரானின் தாபோல் நிறுவனத்தோடு அம்மாநில வாரியம் 1993 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. கட்டணம் தாங்க முடியாமல் 2001-ல் கரன்ட் எடுப்பதையே நிறுத்தியது. அம்மாநில அரசு அமைத்த கோட்போலே குழு அந்த ஒப்பந்தத்தைத் துருவிப் பார்த்ததும் அதே ஆண்டில்தான்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999-ல் வந்தது. 2003 மின்சாரச் சட்டத்தின் 86-வது பிரிவு, விநியோக நிறுவனம் யாரிடம், என்ன விலைக்கு, எந்த முறையில் வாங்குகிறது என்பதை ஆணையத்தின் கண்காணிப்பில் வைத்தது. 63-வது பிரிவு, வெளிப்படையான ஏலத்தில் கிடைத்த விலையை ஆணையம் ஏற்க வழி செய்தது. இன்று கொள்முதல் ஒப்பந்தம் மனுவாகிறது, எண் பெறுகிறது, விசாரணைக்கு வருகிறது. காரணங்களோடு எழுதிய உத்தரவை யாரும் எடுத்துப் படிக்கலாம். இதைச் சாதாரண மாற்றம் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் ஆணையம் இருப்பதாலேயே விலை சரியாகிவிடாது. சூரிய மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று 2014-ல் விலை வைத்தது ஆணையமேதான். ஏலமில்லை, செலவுக் கணக்குப் போட்டு வந்த விலை. சூரியத் தகடுகளின் விலை வேகமாகச் சரிந்துகொண்டிருந்த காலம் அது. இருந்தும் அந்த விலைக்கு 2015-ல் நீண்டகால ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 2017-ல் 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. பழைய ஒப்பந்தங்கள் பழைய விலையிலேயே ஓடுகின்றன. விலை இப்படிச் சரிகிறபோது கணக்குப் போட்டு விலை நிர்ணயிப்பதைவிட ஏலம் விடுவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. ஆணையத்தின் முதல் கட்டண உத்தரவு 2003 மார்ச்சில் வந்தது. அடுத்தது 2010 ஜூலையில். இடைப்பட்ட ஏழாண்டில் வாரியத்தின் கொள்முதல் செலவும் கடனும் வளர்ந்தன. விநியோக நிறுவனம் மனுவே போடாவிட்டாலும் ஆணையங்கள் தாமாகக் கட்டணக் கணக்கை எடுக்க வேண்டும் என்று 2011-ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டியிருந்தது.

2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கட்டண உயர்வுக்கான கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. பேச வந்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் எதிர்த்த கட்டணத்தில் பெரும் பகுதி, பல ஆண்டுகளுக்கு முன் போட்ட கொள்முதல் ஒப்பந்தங்களிலேயே முடிவானது. அந்த ஒப்பந்தங்களின் மனுக்களும் உத்தரவுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், வழக்கறிஞர் மொழியில் இருக்கின்றன. ஒவ்வொரு நீண்டகால ஒப்பந்தத்துக்கும் விலை, காலம், நிலைக்கட்டணம் ஆகிய மூன்றையும் சொல்லும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை, கையெழுத்தாகும் முன்பே ஆணையம் வெளியிட வேண்டும். கட்டண உயர்வுக்கு நடத்தியதுபோல, ஒப்பந்த விசாரணையையும் கோவையிலும் மதுரையிலும் வைக்க வேண்டும்.