யுடிஐடி அட்டை இருந்தால் மட்டும் போதுமா? மாற்றுத்திறனாளிகள் அறிந்துகொள்ள வேண்டியவை

புதுடெல்லி: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி) கைக்கு வந்துவிட்டால், மாத உதவித்தொகை முதல் ரயில் கட்டணச் சலுகை வரை அனைத்தும் தாமாகவே கிடைத்துவிடும் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால், அந்த அட்டை தகுதிக்கான சான்று மட்டுமே. ஒவ்வோர் உதவிக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதில் பதிவாகும் பாதிப்பு சதவீதமே எந்த உதவி கிடைக்கும், எது கிடைக்காது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். விண்ணப்பதாரர்களுக்குப் பொதுவாக எழும் ஐயங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் வருமாறு:

யார் விண்ணப்பிக்கலாம்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. முந்தைய 1995ஆம் ஆண்டு சட்டத்தில் 7 வகைகளே இருந்தன. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கக் குறைபாடுகளுடன் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் நோய், அமிலவீச்சால் ஏற்பட்ட பாதிப்பு ஆகியவையும் இப்போது பட்டியலில் உள்ளன. வெளித்தோற்றத்தில் குறைபாடு தெரியவில்லை என்பதற்காக விண்ணப்பிக்கத் தயங்க வேண்டியதில்லை.

எப்படி விண்ணப்பிப்பது?

2021 ஜூன் 1 முதல் சான்றிதழ்கள் யுடிஐடி இணையதளம் வழியாகவே வழங்கப்படுகின்றன. புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்றி, வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவமனையைத் தேர்வு செய்ய வேண்டும். பதிவு எண்ணைப் பத்திரப்படுத்துவது அவசியம். பரிசோதனைக்குச் செல்லும்போது பழைய மருத்துவ அறிக்கைகளை எடுத்துச் சென்றால் மதிப்பீடு எளிதாகும். தாமாக விண்ணப்பிக்க இயலாதவர்களுக்காகப் பாதுகாவலர் விண்ணப்பிக்கலாம்.

எவ்வளவு காலம் ஆகும்?

2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, சான்றிதழ் வழங்குவதற்கான கால வரம்பு ஒரு மாதத்திலிருந்து 3 மாதங்களாக உயர்த்தப்பட்டுள்ளது. 2 ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்கப்படாத விண்ணப்பம் காலாவதியாகிவிடும். எனவே, விண்ணப்பித்த பின் அதன் நிலையை அவ்வப்போது சரிபார்த்துக் கொள்ள வேண்டும்.

அட்டையின் நிறம் எதைக் குறிக்கிறது?

பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறைவெனில் வெள்ளை, 40 முதல் 80 சதவீதத்துக்குள் எனில் மஞ்சள், 80 சதவீதமும் அதற்கு மேலும் எனில் நீல நிற அட்டை வழங்கப்படும்.

40 சதவீதம் என்பது முதல் எல்லை. அதை எட்டியவர்களுக்கே மத்திய அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும் பொருந்தும். பழைய வருமான வரி முறையைத் தேர்வு செய்வோருக்கு 40 சதவீதத்திலிருந்து ரூ.75,000, 80 சதவீதத்திலிருந்து ரூ.1.25 லட்சம் வரிக்கழிவு உண்டு.

இரு வகைப் பாதிப்புகள் இருந்தால் சதவீதங்கள் கூட்டப்படுமா?

நேரடியாகக் கூட்டப்படுவதில்லை. அதற்கெனத் தனிச் சூத்திரம் உள்ளது. அதன்படி, தலா 40 சதவீதமாக மதிப்பிடப்பட்ட இரு பாதிப்புகள் சேர்ந்து சுமார் 62 சதவீதமாகவே கணக்கிடப்படும், 80 ஆகாது.

மாத உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும்?

இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 80 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புடைய 18 முதல் 79 வயதினருக்கு மத்திய அரசு மாதம் ரூ.300 வழங்குகிறது. 80 வயதானதும் இது ரூ.500 ஆகிறது. ஆக, 75 சதவீதம் எனச் சான்று பெற்ற ஓர் ஏழைத் தொழிலாளி, வேலை செய்ய இயலாத நிலையில் இருந்தாலும் இத்திட்டத்துக்குள் வர முடியாது.

அத்தகையோர் மாநில அரசின் திட்டங்களை விசாரிப்பது நல்லது. பல மாநிலங்கள் 40 சதவீதத்திலிருந்தே உதவித்தொகை அளிக்கின்றன. தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். ஆந்திரப் பிரதேசத்தில் 2024 ஜூலை முதல் இது மாதம் ரூ.6,000 ஆக உயர்த்தப்பட்டது.

ரயிலில் யுடிஐடி அட்டையைக் காட்டினால் போதுமா?

போதாது. துணையின்றிப் பயணிக்க இயலாத இயக்கக் குறைபாடு உடையோர், அறிவுசார் குறைபாடு உடையோர், முழுமையாகப் பார்வை இழந்தோர், முழுமையாகச் செவித்திறனும் பேச்சுத்திறனும் இழந்தோர் ஆகிய 4 பிரிவினருக்கே கட்டணச் சலுகை உண்டு. அதற்கு, ரயில்வே வகுத்த படிவத்தில் அரசு மருத்துவரின் சான்று பெற வேண்டும்.

குழந்தைக்கு 18 வயது நிறைவடைந்தால்?

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கு 18 வயதுக்குப் பின் சட்டப்பூர்வப் பாதுகாவலர் தேவைப்பட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இதே பிரிவினருக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ரூ.1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு.

சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டால் என்ன செய்வது?

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன விதிகள். நிராகரிப்பிலோ மதிப்பீட்டிலோ உடன்பாடு இல்லாதவர்கள், முடிவு வெளியான நாளிலிருந்து 90 நாள்களுக்குள் மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். சில சதவீத வேறுபாடே ஓய்வூதியத்தை இழக்கச் செய்யக்கூடும் என்பதால், இந்தக் காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது.

அதே வேளையில், சதவீதத்தை உயர்த்தித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களை நம்பக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான பலனை மோசடியாகப் பெறுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.