கை மாறிய தவளை

உங்களில் பாதிப் பேருக்கு இப்போது காலை, மீதிப் பேருக்கு இரவு. எனக்கு இன்று நைட் டியூட்டி இல்லை, அதனால் அவசரமில்லாமல் பேசலாம்.

இலக்கிய மேடையில் பொம்மைத் தவளைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் வார்டில் மறதிநோய் முற்றிய ஒரு பெரியவர் இருந்தார். மகள் பெயர்கூட நினைவில் இல்லை. ஒருநாள் யாரோ டேப்லெட்டில் ‘மனா மனா’ பாட்டைப் போட்டார்கள். இவர் கண்ணைத் திறக்காமலே, பதில் வரியைச் சரியான இடத்தில் முனகினார். அன்றிரவு வீட்டுக்குப் போய் ‘தி மப்பெட் ஷோ’வைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

அமெரிக்கரான ஜிம் ஹென்சன், 1955இல் அம்மாவின் பழைய கோட்டுத் துணியையும் ஒரு பிங்பாங் பந்தின் இரண்டு பாதிகளையும் வைத்துச் செய்த பொம்மைதான் கெர்மிட். பெரியவர்களுக்கான பொம்மை நகைச்சுவையை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நம்பவில்லை. இங்கிலாந்தின் லூ கிரேட் பணம் போட்டார். லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில், 1976 முதல் 1981 வரை 120 அத்தியாயங்கள் எடுத்தார்கள்.

நம்மூர்ப் பொம்மலாட்டத்தில் ஆட்டுபவர் மேலே நின்று கயிறு பிடிப்பார். இங்கே ஆள் கீழே. வலது கை பொம்மையின் தலைக்குள், இடது கை அதன் கையோடு கட்டிய கம்பியில். அதனாலேயே மப்பெட்டுகளில் பல இடதுகைப் பழக்கக்காரர்கள்! கண் முழுக்கக் காலடியில் இருக்கும் டிவி திரைமீது. கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்பதை நினைத்தாலே எனக்குத் தோள் வலிக்கிறது. ஸ்வீடிஷ் சமையல்காரருக்குத் தலையும் குரலும் ஹென்சன், கைகள் ஃபிராங்க் ஆஸ். கை அடுத்து என்ன செய்யும் என்று தலைக்குத் தெரியாது. சிரிப்பே அதில்தான்.

மருத்துவமனை அங்கமும் ஒன்று உண்டு. நாய் டாக்டர், மிஸ் பிக்கி நர்ஸ். சிலேடை சொல்லும் மும்முரத்தில் நோயாளியை ஒருவரும் கவனிப்பதில்லை. எங்கள் வார்டு ரவுண்ட்ஸைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று சந்தேகம்.

1990 மே 16இல் ஹென்சன் இறந்தார். வயது 53. ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த நிமோனியா. சாதாரண ஜலதோஷம் போலத் தொடங்கி, மருத்துவமனையில் சேர்த்து ஒரு நாள் முடிவதற்குள் உயிர் போய்விட்டது. ‘சளிதானே’ என்று வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களை நான் அதட்டும்போதெல்லாம் இவர் நினைவு வருகிறது.

பொம்மை பிழைத்துக்கொண்டது. கெர்மிட்டுக்குள் ஸ்டீவ் விட்மையரின் கை போனது. 2017 முதல் மாட் வோகலின் கை. குரல் கொஞ்சம் மாறியதை ரசிகர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. உண்மையான சிக்கல் 2004இல் டிஸ்னி வாங்கிய பிறகு வந்தது: இந்தக் காலத்துக்கு இவர்களை எப்படிக் கொண்டுவருவது?

2015இல் கேமரா முன் பேட்டி கொடுக்கும் ஆவணப்பட பாணி. கெர்மிட்டும் பிக்கியும் பிரிந்த ஜோடி, கெர்மிட்டுக்குப் புதுக் காதலி. ஒரே சீசனில் நின்றது. 2020இல் டிஸ்னி பிளஸ்ஸில் ‘மப்பெட்ஸ் நவ்’, இணைய வீடியோத் துண்டுகளாக. ஆறே அத்தியாயங்கள். 2023இல் வாத்தியக் குழுவை மட்டும் வைத்து ‘மப்பெட்ஸ் மேஹெம்’. அது நன்றாகவே இருந்தும் ஒரு சீசனோடு முடித்துவிட்டார்கள்.

முதல் இரண்டிலும் பாத்திரங்கள் இருந்தன, கொட்டகை இல்லை. பழைய நிகழ்ச்சியின் உயிர், திரைக்குப் பின்னால் எல்லாம் குலைந்துகொண்டிருக்க, முன்னால் எப்படியாவது ஆட்டத்தை நடத்திவிடும் பதற்றத்தில் இருந்தது. மாடத்தில் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து கேலி செய்வார்கள். குமரி மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயணத்துக்கு நடுவே புகுந்து ஊர்க்கதை பேசுவார்களே, அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம். இந்தக் கிழவர்களுக்குக் கேலி செய்ய ஒரு மேடை வேண்டும். மேடையை எடுத்துவிட்டு அவர்களை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஐம்பதாம் ஆண்டுக்காக 2026 பிப்ரவரியில் வந்த சிறப்பு நிகழ்ச்சியில், பாடகி சப்ரினா கார்ப்பெண்டரை விருந்தாளியாக வைத்துப் பழைய கொட்டகைக்கே திரும்பினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பழைய அத்தியாயங்கள் 2021இல் டிஸ்னி பிளஸ்ஸுக்கு வந்தன. பாட்டு உரிமைச் சிக்கலால் சில இடங்களில் வெட்டு உண்டு. பிற இனத்தவரைக் கேலியாகக் காட்டும் சில அத்தியாயங்களுக்கு முன் எச்சரிக்கை வரும். பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் அதைத் தாண்டிப் போகாமல் ஒரு நிமிடம் நிறுத்திப் பேசுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஹாரி பெலஃபொன்டே வந்த அத்தியாயத்தைச் சொல்வேன். ஆப்பிரிக்க முகமூடிப் பொம்மைகளோடு அவர் பாடும் பாட்டு அதில் இருக்கிறது. ஹென்சனுக்கு நியூயார்க் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்தபோது, யாரும் கறுப்பு உடுத்தக் கூடாது என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். பெலஃபொன்டே அங்கே வந்து அதே பாட்டைப் பாடினார்.