அலறலும் கடித்தலும் எதைச் சொல்கின்றன? ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நடத்தையைப் புரிந்துகொள்வது எப்படி?

புதுதில்லி: ஓடும் ரயிலில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் திடீரெனக் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். தடுக்க வந்த தாயின் கையைக் கடிக்கிறான். "கண்டித்து வளர்க்கவில்லை" என்கிறார் பயணி ஒருவர். மற்றொருவர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு இது புதிய காட்சியன்று.

'மதி இறுக்கம்' என்றும் தமிழில் குறிப்பிடப்படும் ஆட்டிசம், மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. தன் தேவையைச் சொல்வது, பிறரின் முகக்குறிப்பை உணர்வது, ஒலி, ஒளி, தொடுதலைத் தாங்கிக்கொள்வது ஆகியவை இக்குழந்தைகளிடம் வேறுவிதமாக அமைகின்றன. 1943-இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பின் நெடுங்காலம், தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்ற தவறான கருத்து நிலவியது. அறிவியல் அதைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ரயில் பெட்டிகளில் மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

தலையை மோதிக்கொள்ளுதல், கடித்தல், பொருள்களை வீசுதல், ஓடிவிடுதல் போன்றவற்றை வல்லுநர்கள் 'சவாலான நடத்தை' என்பர். குழந்தையிடம் உள்ள குறையைச் சுட்டுவதற்காக அன்றி, சுற்றியிருப்போரும் சேவை அமைப்புகளும் எதிர்கொள்ள வேண்டிய சவாலைச் சுட்டுவதற்காகவே இச்சொல் புழக்கத்துக்கு வந்தது. இன்று பெரும்பாலும் நேர்மாறான பொருளிலேயே அது பயன்படுத்தப்படுகிறது.

ஒரே செயல், வெவ்வேறு காரணங்கள்

வகுப்பறையில் ஒரு குழந்தை தன் கையைக் கடித்துக்கொள்கிறது எனக் கொள்வோம். கடினமான பாடத்திலிருந்து தப்புவதற்காக அது கடிக்கலாம். ஆசிரியர் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும், விரும்பிய பொருளைப் பெறுவதற்காகவும் கடிக்கலாம். கடிக்கும்போது ஏற்படும் உணர்வே அதற்கு அமைதியைத் தரலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றுபோலவே தோன்றும்.

காரணம் தெரியாமல் தரப்படும் தண்டனை இங்குதான் பிழையாகிறது. பாடத்திலிருந்து தப்ப விரும்பும் குழந்தையை ஆசிரியர் வகுப்புக்கு வெளியே அனுப்பினால், குழந்தை கேட்டது கிடைத்துவிட்டது. மறுநாள் பாடப்புத்தகம் திறந்தவுடன் கை மீண்டும் வாய்க்குச் செல்லும்.

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முக்கியமானது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு குழந்தைகளிடம், நடத்தையின் நோக்கத்தை முதலில் கண்டறிந்தனர். பாடம் கடினமாக இருந்ததால் கலகம் செய்த குழந்தைக்கு, "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுத்தந்தனர். கவனத்துக்காக ஏங்கிய குழந்தைக்கு, தன் வேலை நன்றாக இருக்கிறதா எனக் கேட்கக் கற்றுத்தந்தனர். நோக்கத்துக்குப் பொருந்திய சொற்றொடர் கிடைத்தபோது கலகம் குறைந்தது. பொருந்தாத சொற்றொடரால் பயன் விளையவில்லை.

பேச்சு வராத குழந்தைக்கும் இவ்வழி திறந்தே உள்ளது. 'ஓய்வு வேண்டும்' என்பதைக் குறிக்கும் பட அட்டையோ, கைச்சைகையோ, சென்னையில் உருவாக்கப்பட்ட ஆவாஸ் போன்ற செயலியோ போதும். அட்டையைக் காட்டியவுடன் ஓய்வு தரப்பட வேண்டும் என்பதே முக்கியம். கடித்தால் உடனே விடுதலை, அட்டை காட்டினால் "கொஞ்சம் பொறு" என்றால், குழந்தை கடிப்பதையே தேர்ந்தெடுக்கும்.

முதலில் மருத்துவர்

இதுவரை இல்லாத நடத்தை திடீரெனத் தோன்றினால், உடல் வலியையே முதலில் ஐயுற வேண்டும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், வயிற்று எரிச்சல், உறக்கமின்மை, வலிப்பு ஆகியவை பேச இயலாத குழந்தையிடம் தலைமோதலாகவும் அலறலாகவும் வெளிப்படக்கூடும். அதை 'ஆட்டிசம் என்றால் இப்படித்தான்' என்று ஒதுக்கிவிடுவதால் சிகிச்சை தாமதமாகிறது. குழந்தை வலியோடு நாள்களைக் கழிக்கிறது.

உடல்நோய் இல்லை எனத் தெரிந்தபின் பெற்றோர் செய்யக்கூடிய எளிய பணி, குறிப்பேடு எழுதுவது. நடத்தைக்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தனர் என்ற மூன்றையும் நாள், நேரத்தோடு இரண்டு வாரம் குறித்துவந்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும். குக்கர் விசிலுக்கு முன்பே அழுகை தொடங்குவதும், பள்ளி வாகனம் பாதை மாறிய நாளில் மட்டும் அடி விழுவதும் அப்போதுதான் தெரியவரும். இந்தக் குறிப்பேட்டோடு செல்பவருக்கு வல்லுநரின் நேரமும் கூடுதலாகப் பயன்படும்.

அடம்பிடித்தலையும் நிலைகுலைவையும் வேறுபடுத்துவதும் தேவை. கேட்டது கிடைத்தவுடன் அடம் பொதுவாக நின்றுவிடும். ஒலியும் கூட்டமும் தாங்க முடியாமல் நிலைகுலைந்த குழந்தை, எதைக் கொடுத்தாலும் உடனே நிறுத்த இயலாது. அந்நேரத்தில் அறிவுரையும் கேள்விகளும் சுமையைக் கூட்டும். பேச்சைக் குறைத்து, கூர்மையான பொருள்களை அகற்றி, இரைச்சலும் வெளிச்சமும் குறைந்த இடத்துக்கு அழைத்துச்சென்று காத்திருப்பதே உதவும். கற்பித்தலுக்கான நேரம் அமைதி திரும்பிய பின்னரே.

புதிய அணுகுமுறையைத் தொடங்கிய முதல் சில நாள்களில் பழைய நடத்தை தீவிரமாவதும் உண்டு. இதுவரை பலன் தந்த வழி அடைபட்டதால் குழந்தை மேலும் முயல்கிறது. முறை தோற்றுவிட்டதாக எண்ணி இக்கட்டத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகின்றனர்.

மருந்தின் இடம்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கடும் எரிச்சல், ஆக்ரோஷம் ஆகியவற்றுக்கு ரிஸ்பெரிடோன் மருந்தை 2006-இலும், அரிப்பிப்ரசோல் மருந்தை 2009-இலும் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. இவை ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதில்லை. உடல் எடை அதிகரிப்பு, மந்தநிலை போன்ற பக்கவிளைவுகள் உள்ளதால் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம். தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

உதவி எங்கே?

பயிற்சி பெற்ற வல்லுநர்கள் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளனர். இந்நிலையில், கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு கவனத்துக்குரியது. வல்லுநர் அல்லாத பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி அளித்தபோது, குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்ள முன்வருவது அதிகரித்தது. அரசின் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் பெறலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அரசுப் பள்ளிகளும் அரசு நிதியுதவி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வழிசெய்யவும் அச்சட்டம் பணிக்கிறது. பள்ளிக் குழந்தைகளை உடல்ரீதியாகத் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடைசெய்கிறது. சான்றிதழ் பெற்றவர்கள் தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு பெறலாம்.

இரவுபகலாகக் குழந்தையைக் கவனித்துச் சோர்ந்துபோன பெற்றோர், தங்களுக்கான மனநல ஆலோசனையை மத்திய அரசின் டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பெறலாம்.